பொது வீதியும் பொதுச் சுவரும்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு தரும் பாடம்

தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறிக் கிண்டி வரை செல்லும் இளைஞர் எவரும் ஒரு காட்சியைக் காணத் தவறார். இருப்புப் பாதையின் இருமருங்கிலும் ஓடிவரும் சுவர்கள் வெறுஞ்சுவர்களாக இல்லை. கட்சிச் சின்னங்கள், திரைப்படச் சுவரொட்டிகள், மருத்துவ விளம்பரங்கள், காதலர் பெயர்கள், தலைவர் உருவங்கள், விளம்பரம் செய்யாதீர் என்ற எச்சரிக்கை, அவ்வெச்சரிக்கையின் மீதே ஒட்டப்பட்ட விளம்பரம் என அவை நம்மோடு பேசிக்கொண்டே வருகின்றன. இடையே பல்லாவரத்துக் குன்று தோன்றுகிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. இன்று அது இசுலாமியப் பெருமக்கள் வழிபடும் தர்காவாக விளங்குகிறது. அக்குகையில் அம்மன்னன் தன் விருதுப்பெயர்களை வரிசையாக வெட்டுவித்திருக்கிறான். மன்னன் பாறையில் வெட்டிய பெயருக்குக் கல்வெட்டு என்று மதிப்பு; ஏழை மகன் சுவரில் எழுதிய பெயருக்குக் கிறுக்கல் என்று இகழ்ச்சி. இரண்டையும் ஒரே பயணத்தில் காண்கிறோம். ஏன் இந்த வேறுபாடு என்று நின்று எண்ணுவோர் சிலரே.

மாலை வேளைகளில் நம் படிப்பகத்தில் கூடும் இளைஞரிடையே இவ்வினா பலமுறை எழுந்ததுண்டு. பொது இடத்துச் சுவரில் எழுதுவதும் வரைவதும் கலையா, பாழ்படுத்தும் செயலா? ஒரு சாரார், கண்காட்சிக் கூடமும் பத்திரிகைப் பக்கமும் கிட்டாதவனுக்குச் சுவரே ஏடு, அவன் கையை ஏன் தடுக்க வேண்டும் என்கின்றனர். மற்றொரு சாரார், மக்கள் வரிப்பணத்தில் எழுந்த சுவரை ஒருவன் தன் விருப்பம் போல் பயன்படுத்துவது ஏனையோர் உரிமையைப் பறிப்பதாகும் என்கின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரு சாராரும் கேட்க மறந்த முதற்கேள்வி ஒன்று இருக்கிறது. பொது என்பது யாது? அந்தப் பொதுவில் நாம் எப்போது சேர்ந்தோம்? இவற்றுக்கு விடை காண, தம் வாழ்நாளையே பொது வீதியைத் திறப்பதற்குச் செலவிட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் பிறந்த கோழியாளம், தாம்பரத்துக்குத் தெற்கே அதே செங்கற்பட்டுச் சீமையில் உள்ள ஊர். அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் நிற்கிறது. அவர் நமக்கு அயலார் அல்லர்; நம் சாலையின் இரு முனைகளிலும் இருப்பவர்.

மறைத்து வைத்த பெயர்

சீனிவாசனார் 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. அப்பெயரே மகனாரின் பெயர்க்கு முன்னொட்டாக நிலைத்தது. வறுமையும் சாதிக் கொடுமையும் குடும்பத்தைச் சொந்த ஊரிலிருந்து தஞ்சைப் பகுதிக்கும், பின்னர்க் கோயம்புத்தூருக்கும் துரத்தின.

கோவையில் அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ நானூறு மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்று சீனிவாசனாரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். அக்கூட்டத்தில் அவர் யாரோடும் நட்புப் பாராட்டவில்லை. நட்புக் கொண்டால் ஊர் கேட்பர், தெருக் கேட்பர், உறவு கேட்பர். கேட்டால் சாதி வெளிப்படும். வெளிப்பட்டால் இழிவு செய்வர் என்ற அச்சம். ஆகவே மணி அடிக்கும் வரை வெளியே ஓரிடத்தில் தனித்திருந்து, அடித்த பின் வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மைத் தொடரா வண்ணம் விரைந்து வீடு சேர்வார். விளையாட ஆசையிருந்தும் விளையாடவில்லை.

இளைஞர்களே, இக்காட்சியை மனத்தில் இருத்துங்கள். பெயரைச் சுவரில் எழுதுவது இருக்கட்டும். வாயால் சொல்லவும் அஞ்சிய ஒரு சிறுவன் அவன். வீதி இருந்தது, பள்ளி இருந்தது, விளையாட்டுத் திடலும் இருந்தது. அவற்றைப் பொது என்றே அழைத்தனர். ஆனால் அந்தப் பொதுவில் அவனுக்கு நிற்க ஓர் அடி நிலம் இல்லை.

எழுதிக் காட்டிய பெயர்

கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராகச் சுமார் பத்தாண்டுக் காலம் அவர் பணியாற்றினார். பண்டித அயோத்திதாசர் அவருடைய சகோதரியாரை மணந்தவர். இன்று தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டிருப்பது அப்பண்டிதரின் திருப்பெயரே. மைத்துனர் இருவரும் ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சிக்கு வித்திட்டவர்கள்.

1890-ஆம் ஆண்டு சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். பறையர் மகாஜன சபை என்னும் அமைப்பை உருவாக்கினார். 1893-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'பறையன்' என்னும் பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். திங்கள் இதழாகப் பிறந்த அது பின்னர் வார இதழாக வளர்ந்து 1900 வரை நடந்தது.

அப்பெயரைக் கேட்டு அன்று திடுக்கிடாதவர் இலர். வீதியில் வசைச்சொல்லாக வீசப்பட்ட ஒரு சொல்லை ஒருவர் எடுத்து, அச்செழுத்தில் கோத்து, பத்திரிகையின் முகப்பில் நிறுத்துவதா என்று நம்மவரே கலங்கினர். சீனிவாசனார் கருத்து வேறு. உரிமை கோருபவன் தான் இன்னான் என்று அஞ்சாது சொல்லியாக வேண்டும். பெயரை மறைப்பவன் பங்கு கேட்க முடியாது என்பது அவர் கொள்கை. கோவையில் மணியோசைக்குக் காத்துத் தனித்திருந்த சிறுவன், தான் மறைத்த அதே பெயரைச் சென்னைப் பட்டணம் முழுவதும் படிக்கும்படி எழுதிக் காட்டினான்.

அயோத்திதாசர் இதனை ஏற்றாரில்லை. பிறர் இழிவாக நம்மீது சுமத்திய பெயரை நாமே ஏன் சுமக்க வேண்டும், நாம் பூர்வத் தமிழர் அல்லமோ என்பது அவர் கட்சி. 1907-ல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். ஒரே குடும்பத்து இரு பேரறிஞர், ஒரே இலக்கு, ஆயினும் எந்தப் பெயரைப் பொதுவில் எழுதுவது என்பதில் இரு வழி. எழுத்து ஒன்றே ஒருவருக்குப் பெருமையாகவும் மற்றவருக்கு வடுவாகவும் படக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? இருவரையும் போற்றும் நாம் இவ்வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1896-ல் பத்திரிகையில் வெளியான செய்தி குறித்து வழக்குத் தொடரப்பட்டு, ஆசிரியருக்கு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் பத்திரிகையை நிறுத்தவில்லை, பெயரையும் மாற்றவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு அடிச் சுருள்

இந்திய ஆட்சிப் பணிக்குரிய தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசு இயக்கத்தார் அந்நாளில் கோரினர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் கோரிக்கை. ஆனால் கல்வி வாயில் ஒரு சிலருக்கே திறந்திருந்த காலத்தில், அத்தேர்வு இங்கு நடந்தால் ஆட்சிப்பீடம் முழுவதும் மேற்சாதியார் கைக்கே போய்ச்சேரும் என்று சீனிவாசனார் கருதினார். 1893-ஆம் ஆண்டு திசம்பரில் இராயப்பேட்டை வெசுலியன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, எதிர்ப்பு விண்ணப்பம் ஒன்றை நிறைவேற்றி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

அவ்விண்ணப்பத்தின் நீளம் 112 அடி. அதில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அவர் எடுத்த நிலை சரியா தவறா என்று வரலாற்றாசிரியர் வாதிடலாம். நாம் கருத வேண்டியது வேறொன்று. ஊர்ப் பொதுச் சாவடியின் அருகே செல்லவும் உரிமையற்றிருந்த மக்கள், ஒரு பேரரசின் பாராளுமன்றத்து மேசைக்குத் தம் பெயர்களை வரிசையாக அனுப்பினர். விரித்தால் ஒரு தெருவின் சுவரளவு நீளும் அச்சுருளில் அவர்கள் எழுதியது வேறொன்றுமில்லை: நாங்களும் இருக்கிறோம் என்பதே.

வீதி திறந்த கதை

1900-ல் இங்கிலாந்து சென்று நேரில் முறையிடும் எண்ணத்தோடு சீனிவாசனார் கப்பல் ஏறினார். இடையில் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அவர் பணி செய்தார். அக்காலத்தில் அங்கிருந்த காந்தியடிகளோடு பழகினார் என்றும், அடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது அவரிடமே என்றும் நம்மவரிடையே செய்தி வழங்குகிறது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் தாயகம் மீண்டார்.

1923-ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு உறுப்பினராக நியமனம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. பலர் ஓய்வெடுக்கும் வயதில் அவர் தம் வாழ்வின் தலையாய பணியைத் தொடங்கினார்.

அன்றைய நிலையை இன்றைய இளைஞர் அறிந்திருத்தல் நலம். அரசாங்கப் பணத்தில் போட்ட சாலை. அதில் நாயும் மாடும் நடக்கும். வரி செலுத்தும் மனிதன் நடக்கக் கூடாது. பொதுப்பணத்தில் வெட்டிய கிணறு. அதில் நம்மவர் வாளி இறங்கக் கூடாது. தபால் நிலையம், கச்சேரி, பள்ளிக்கூடம் முதலியன மேற்சாதியார் வாழும் தெருவில் அமைந்துவிட்டால், அவற்றை அணுகுவதற்கும் வழியில்லை. அதே 1924-ஆம் ஆண்டில்தான் அண்டை நாடாகிய திருவிதாங்கூரில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் அறப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது.

1924-ஆம் ஆண்டு ஆகசுடுத் திங்களில் சீனிவாசனார் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். அதன் சாரம் எளியது. எந்த நகரத்திலோ சிற்றூரிலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொது அலுவல் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றை மற்றச் சாதியாரைப் போன்றே ஒடுக்கப்பட்டோரும் அணுகலாம். அத்தீர்மானம் நிறைவேறி, அவ்வாண்டிலேயே அரசாணையாகவும் வெளிவந்தது. அவையில் வீரையன் போன்ற உறுப்பினரும் இவ்வுரிமைக்காக உடன் நின்று வாதாடினர் என்பதை நன்றியோடு நினைவு கூர்தல் வேண்டும்.

ஆணை வந்ததும் வீதிகள் எல்லாம் திறந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டா. தாளில் திறந்த கதவு தரையில் திறக்க நெடுங்காலம் ஆயிற்று. இன்னும் முற்றிலும் திறக்காத ஊர்களும் உண்டு. ஆயினும் அன்று முதல், நம்மை வழிமறித்தவன் வழக்கத்தைக் காப்பவன் அல்லன், ஆணையை மீறுபவன் என்றாயிற்று. குற்றவாளி யார் என்பது இடம் மாறிற்று. சீனிவாசனார் செய்த மாற்றம் அதுவே. அது சிறிதன்று.

இலண்டன் மாநகரில்

1930-லும் 1931-லும் இலண்டனில் நடைபெற்ற முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பேராளராகச் சென்றவர் இருவர். ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். மற்றவர் நம் சீனிவாசனார். ஒருவர் நாற்பது வயதை ஒட்டிய இளையவர். மற்றவர் எழுபதைக் கடந்த முதியவர். இருவரும் கூடி அளித்த கோரிக்கை மனுவில் ஒடுக்கப்பட்டோர்க்குச் சம குடியுரிமை கேட்டதோடு அமையாமல், சாலை, தெரு, குளம், கிணறு, விடுதி, கல்விக்கூடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்போர்க்குத் தண்டனையும் வேண்டினர். சென்னைச் சட்டசபையில் ஒலித்த குரல் இலண்டனிலும் ஒலித்தது.

அங்கே மன்னரைக் காணச் சென்றபோது சீனிவாசனார் தம் மேற்சட்டையில் தாம் தீண்டப்படாதவர் என்பதைக் காட்டும் பட்டயம் அணிந்திருந்தார் என்றும், கைகுலுக்க நீண்ட மன்னரின் கையைத் தொடாது விலகிநின்று தம் நாட்டின் நிலையை விளக்கினார் என்றும் நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கோவையில் பெயரை மறைத்தவர், சென்னையில் பத்திரிகையின் முகப்பில் எழுதியவர், இலண்டன் அரண்மனையில் அதைத் தம் மார்பிலேயே எழுதிச் சென்றார் என்பது அச்செய்தியின் உட்பொருள். அது தன்னை இழிவுபடுத்திக் கொள்வதன்று. இழிவு செய்தவனை உலகின் முன் நாணச் செய்வதாகும்.

1932-ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் என்ற பட்டங்கள் அவரை அடுத்தடுத்து வந்தடைந்தன. 1939-ல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1945-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் இயற்கை எய்தினார். அதன் பின் ஐந்தாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, சாலைகளும் கிணறுகளும் குளங்களும் பொதுமக்கள் கூடும் இடங்களும் சாதி காரணமாக எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று தன் 15-ஆம் பிரிவில் விதித்தது. தீண்டாமையை 17-ஆம் பிரிவில் ஒழித்தது. அவர் அந்நாளைக் காணவில்லை. அவர் வகுத்த வழியில் நாடு நடந்தது.

மீண்டும் சுவரின் முன்

இனி நம் இளைஞர் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். சுவரில் எழுதுவது கலையா, பாழ்படுத்தலா?

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்தறிய வேண்டும். குற்றமா என்பது ஒன்று. கலையா என்பது மற்றொன்று. பொதுமக்கள் பார்வையில் படும் இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே ஒரு சட்டம் உண்டு. அனுமதியின்றி எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். எழுதியது அழகாக இருக்கிறதா என்று அச்சட்டம் கேட்பதில்லை. அனுமதி பெற்ற விளம்பரம் அனைத்தும் கலையாகி விடுவதுமில்லை. அனுமதி பெறாத ஓவியம் அனைத்தும் கலையல்லாமல் போய்விடுவதுமில்லை.

ஆனால் எழுதியவன் யார் என்பதைப் பொறுத்து உலகம் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்வதைக் காண்கிறோம். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 1970-களில் ஏழைக் கறுப்பின இளைஞரும் போர்ட்டோரிக்கோ இளைஞரும் சுரங்க இரயில்களின் மீது தம் பெயர்களை வண்ணத்தில் எழுதினர். நகராட்சி அவர்களைப் பாழ்படுத்துவோர் என்றது. 1983-ல் மைக்கேல் சுடூவர்ட் என்னும் 25 வயதுக் கறுப்பின இளைஞர், நிலையச் சுவரில் எழுதினார் என்று காவலரால் பிடிக்கப்பட்டு, நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். வழக்கில் நின்ற காவலர் 1985-ல் விடுதலை பெற்றனர். அதே நகரின் சுவர்களில் எழுதத் தொடங்கியவர் பாஸ்கியா என்னும் மற்றொரு கறுப்பின இளைஞர். சுடூவர்ட்டின் சாவைக் கேட்டு உள்ளம் பதறி அதையே ஓவியமாகத் தீட்டிய அவர், 1988-ல் 27 வயதில் மறைந்தார். 2017-ல் அவருடைய ஓவியம் ஒன்று 11 கோடி டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று. ஒரே நகரம், ஒரே வகைச் சுவரெழுத்து; ஒருவர்க்குச் சாவு, மற்றவர்க்குச் செத்த பின் செல்வம். கலைக்கும் குற்றத்துக்கும் இடையே கோடு கிழிப்பது அழகு மட்டும் அன்று, அதிகாரமும் கூட என்பதை ஒடுக்கப்பட்ட நாம் எளிதில் உணரலாம்.

அதனால் எல்லாச் சுவரெழுத்தும் நமக்கு உடன்பாடு என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் சீனிவாசனார் வாழ்வு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. அவர் வாழ்நாளெல்லாம் முயன்றது பொது இடத்தைத் திறப்பதற்கு. ஆகவே ஓர் எழுத்தைக் கண்டால் நாம் கேட்க வேண்டியது, இது வீதியைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பதே.

தென்மாவட்டங்களில் மின்கம்பங்களிலும், பாலத்துச் சுவர்களிலும், பேருந்து நிறுத்தங்களிலும் சாதி வண்ணங்களைப் பூசும் வழக்கம் உண்டு. அவை நேர்த்தியாகவே பூசப்படுகின்றன. ஆனால் அவற்றின் பொருள், இத்தெரு எங்களுடையது, நீ விலகிப் போ என்பதாகும். 1924-ல் திறந்த வீதியை வண்ணத்தால் அடைக்கும் முயற்சி அது. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவரிடையே மூண்ட சாதி வெறியாட்டத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர் கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகள் கூடா என்று 2024-ல் பரிந்துரைத்தது. கையில் கட்டினும் கம்பத்தில் பூசினும் அவ்வண்ணம் செய்யும் வேலை ஒன்றே. பாழ்படுத்தல் என்ற சொல் முழுதும் பொருந்துவது இதற்குத்தான்.

சில இடங்களில் எழுத்தைவிடச் சுவரே பாழ்படுத்தும் செயலாக நிற்கும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பப்பட்ட சுவர், ஒரு மக்களைப் பொதுப் பாதையிலிருந்து பிரித்து வைத்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது. அச்சுவரில் எவ்வளவு அழகிய ஓவியம் தீட்டியிருந்தாலும் அது கலையாகி இராது. அதை இடித்ததே அழகு.

இதற்கு மறுதலையான காட்சியும் நம் தென்சென்னைப் புறநகரிலேயே இருக்கிறது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் உள்ள கண்ணகி நகரை அறியாதார் இலர். நகரின் நடுவிலும் நீர்நிலைக் கரைகளிலும் வாழ்ந்த எளிய மக்களை அப்புறப்படுத்தி, 2000-ஆம் ஆண்டு தொடங்கிக் குடியமர்த்திய இடம் அது. அங்குள்ள வீடுகள் 15,000-க்கும் மேல். நம்மவர் பெருந்தொகையினராக வாழும் பகுதி. அம்முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவோர் உண்டு என்று அங்குள்ள இளைஞர் வருந்துவர். 2020-ல் மாநகராட்சியின் இசைவோடு ஓவியர் பலர் வந்து, அங்குள்ள அடுக்குமாடிகளின் உயர்ந்த பக்கச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். அவற்றைக் காண வெளியூரார் வரத் தொடங்கினர். ஒரு காலத்தில் விலகிச் சென்ற வீதிக்குள் மக்கள் விரும்பி நுழைந்தனர். வீதியைத் திறந்த எழுத்து அது, ஐயமின்றிக் கலை.

ஆயினும் அங்கும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. குழாயில் நீர் வருகிறதா, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி இருக்கிறதா, பிழைப்பு எட்டும் தொலைவில் கிடைக்கிறதா? இவற்றுக்கு விடை சொல்லாமல் சுவருக்கு மட்டும் வண்ணம் பூசினால், அவ்வண்ணம் குறையை மூடும் திரையாகிவிடும். மேலும், அச்சுவரில் எதை எழுதுவது என்று முடிவு செய்தவருள் அச்சுவருக்குள் வாழ்பவரும் இருக்க வேண்டும். பெயரைத் தாமே தேர்ந்து முகப்பில் எழுதிய சீனிவாசனார் வழி அதுவே.

இளைஞர்களுக்கு

தம்பியரே, தங்கையரே! தூரிகை ஏந்தும் உங்கள் கையைத் தடுக்க இதனை எழுதவில்லை. நீங்கள் நிற்கும் தெருவும் அதன் சுவரும் உங்களுக்குத் தானாகக் கிடைத்தவை அல்ல என்று நினைவூட்டவே எழுதினேன். கோவையில் மணியோசை கேட்கும் வரை ஒதுங்கி நின்ற ஒரு சிறுவனும், 112 அடிச் சுருளில் பெயரிட்ட 3,412 பேரும், சட்டசபையில் எழுந்து நின்ற ஒரு முதியவரும் நமக்கு ஈட்டித் தந்த உடைமை அது. பாடுபட்டுப் பெற்ற பொருளைப் பேணுவது பெற்றவன் கடமை.

ஆகவே சுவருக்கு உரியவரிடம் முறையாக இசைவு கேளுங்கள், மறுத்தால் மீண்டும் கேளுங்கள், கேட்பதற்கு நாணாதீர்கள். பிறர் வீட்டுச் சுவரையும், வழிபாட்டு இடத்தையும், கல்வெட்டையும், வழிகாட்டிப் பலகையையும் தொடாதீர்கள். ஒரு தெருவாரை அச்சுறுத்தும் எழுத்தை, அது நம்மவர் பெயரையே தாங்கி வந்தாலும், எழுதாதீர்கள். எழுதியதன் கீழ் உங்கள் பெயரைத் துணிந்து இடுங்கள். இட நாணும் எழுத்தானால் அதை எழுதாமலே விடுங்கள். 100 ரூபாய் தண்டம் கட்டியும் தம் இதழின் பெயரை மாற்றாத ஆசிரியர் ஒருவரின் வழித்தோன்றல் நீங்கள்.

அடுத்த முறை கிண்டிப் பக்கம் செல்லும்போது, காந்தி மண்டப வளாகத்தினுள் நுழைந்து அப்பெரியாரின் மணிமண்டபத்தின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். அங்கே அவர் பெயர் வெட்டவெளிச்சமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுத யாரும் அஞ்சவில்லை. படிக்க யாரும் கூசவில்லை. பின்பு வெளியே வந்து பொதுச் சாலையில் நடந்து வீடு திரும்புங்கள். எவரும் உங்களை வழிமறியார். அவர் நமக்குத் தீட்டிச் சென்ற ஓவியம் அச்சாலையே.